கட்டைக்கு முன் புகைபோக்கி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களை நேற்று ராத்திரி மாமாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். பிட்ஸ்பர்க்கில் எழுபது வருஷப் பழைய செங்கல் வீடு, ஹால் சுவரில் உள்ளெல்லாம் கரி படிந்த அந்த ஃபயர்பிளேஸ், அதன் முன்னால் குட்டி தவழ்கிற படம். மனசு நிறைந்துவிட்டது. குளிர் வருவதற்குள் அதில் கேஸ் லாக் வைக்கப் போகிறோம், கட்டை பிர்ச் மாதிரி இருக்கட்டுமா, ஓக் மாதிரி இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். போனில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் கட்டையின் நிறம் கடைசியாக முடிவு செய்ய வேண்டியது. அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் சிலதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். நீயும் படவேண்டாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு அப்பத்தாவின் அடுப்பங்கரை ஞாபகம் இருக்குமோ என்னவோ. விறகடுப்புக்கு மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு புகைக்கூண்டு போகும். மழைக்கால விடிகாலையில் அப்பத்தா அடுப்பை உடனே பற்றவைக்க மாட்டாள். காய்ந்த பன்னாடையைக் கொளுத்தி, கையை உயர்த்தி, கூண்டின் வாயில் கொஞ்ச நேரம் காட்டுவாள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காற்று கூண்டுக்குள் கனத்துக் கிடக்கும். அது சூடாகி மேலே ஏறினால்தான் பின்னால் வரும் புகையும் ஏறும். இல்லாவிட்டால் அடுப்பங்கரை முழுக்கக் கண் எரிச்சல். உன் வீட்டுப் புகைபோக்கியும் இதே விதிப்படிதான் நடக்கும். விறகு போய் கேஸ் வந்தாலும் அந்த விதி மாறாது.

கேஸ் லாக் என்பது எரியாத கட்டை. நிஜ மரத்திலிருந்து அச்செடுத்து, நெருப்பைத் தாங்கும் சுட்ட மண்ணிலோ பீங்கான் இழையிலோ வார்த்து, பட்டையின் வெடிப்பு முதற்கொண்டு வண்ணம் தீட்டியிருப்பார்கள். அடியில் ஒரு பர்னர். எரிவது கேஸ்தான். இந்த வகையில் கடையில் இரண்டு ஜாதி உண்டு. வென்டட் என்பது புகைபோக்கி வழியாக எல்லாவற்றையும் வெளியே அனுப்புவது. வென்ட்-ஃப்ரீ என்பது புகைபோக்கியே இல்லாமல், எரிந்ததையெல்லாம் நீ உட்கார்ந்திருக்கும் அறைக்குள்ளேயே விடுவது. பெயரில் ஒரு சின்ன வித்தியாசம்தான், வீட்டுக்குள் நடப்பது முழுக்க வேறு.

நாங்கள் அட்லாண்டா வந்த புதிதில் வாங்கிய சின்ன வீட்டில் வென்ட்-ஃப்ரீ வைத்தோம். கடையில் சொன்னது இதுதான்: சூட்டில் 99 சதவீதம் வீட்டுக்குள்ளேயே தங்கும், புகைபோக்கியைத் திறக்க வேண்டியதில்லை, கேஸும் குறைவாகச் செலவாகும். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. முதல் வாரம் அறை கதகதவென்று இருந்தது. இரண்டாவது வாரம் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்க ஆரம்பித்தது. துடைத்தால் மறுபடியும் இறங்கும். ஒரு மாதம் கழித்துத் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். ஜன்னல் சட்டத்தின் ஓரமெல்லாம் மிளகைத் தூவியது போலக் கறுப்புப் பூஞ்சை.

தண்ணீர் எங்கிருந்து வந்தது தெரியுமா? இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். மீத்தேன் எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் வரும். மணிக்கு 30,000 பி.டி.யூ. எரிக்கும் ஒரு பர்னர், ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் தண்ணீரை ஆவியாக அறைக்குள் விடுகிறது. சாயங்காலம் நான்கு மணி நேரம் எரித்தால் ஐந்து லிட்டர். குளிருக்காக இறுக்கி மூடிய வீட்டில் அந்த ஆவி எங்கே போகும்? சில்லிட்ட கண்ணாடியில்தான் போய் ஒட்டும். (பி.டி.யூ. என்றதும் மிரளாதே. ஒரு மரத் தீக்குச்சி முழுதாக எரிந்தால் வரும் சூடு ஏறக்குறைய ஒரு பி.டி.யூ. அவ்வளவுதான்.)

தண்ணீரோடு போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலமானால் எனக்குத் தலை கனக்கும். வெளியே நடந்துவிட்டு வந்தால் சரியாகும். என் மகனுக்கு அப்போது ஐந்து வயது, கண் எரிகிறது என்று கசக்கிக்கொண்டே இருப்பான். சரிபார்க்க வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, முன் கட்டை இடம் மாறியிருக்கிறது என்றார். தூசி துடைக்கும்போது நான்தான் நகர்த்தியிருக்கிறேன், ஒரு விரற்கடை அளவுதான். அதனால் சுவாலை கட்டையில் போய் முட்டி, முழுதாக எரியாமல் கரி படிய ஆரம்பித்திருந்தது. முழுதாக எரியாத இடத்தில்தான் கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகி ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி என்று ஜுரம் வருவது மாதிரிதான் ஆரம்பிக்கும். அந்த வீட்டில் அன்றைக்கு எங்களிடம் அலாரம் இல்லை. இதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

வென்ட்-ஃப்ரீயில் ஒரு பாதுகாப்பு உண்டு என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான். சாதாரணமாகக் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கும். அது 18 சதவீதம் வரை இறங்கினால் பைலட் என்ற சின்னச் சுவாலை தன் இடத்தை விட்டு எழும்பும், பக்கத்திலிருக்கும் உணர்கம்பி குளிரும், கேஸ் தானாக நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது அளப்பது ஆக்சிஜனை மட்டும்தான். எங்கள் வீட்டில் ஆக்சிஜன் குறையவே இல்லை, அதனால் அது நிற்கவும் இல்லை. இன்னொன்று, நம்ம வீடுகளில் விளக்கு ஏற்றுவோம், ஊதுபத்தி கொளுத்துவோம், கற்பூரம் காட்டுவோம். வென்ட்-ஃப்ரீ பர்னர் அறைக் காற்றையே இழுத்து எரிப்பதால் அந்தப் புகையும் அதற்குள் போய் நாற்றமாகவும் கரியாகவும் திரும்பி வரும். கலிஃபோர்னியா மாநிலம் வீடுகளில் இதை அனுமதிப்பதில்லை. உங்கள் மாநிலத்தில் கடையில் கிடைக்கும். கிடைத்தாலும், தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் வேண்டாம் கயல். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

அப்படியானால் வென்டட். அதை வாங்குவதற்கு முன் நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசிக்கொள்ளுங்கள்: உங்களுக்கு வேண்டியது பார்க்க நெருப்பா, குளிருக்குச் சூடா? 24 அங்குல வென்டட் செட் ஒன்று மணிக்கு 60,000 பி.டி.யூ. வரை எரிக்கும். 1,500 வாட் ஹீட்டர் பன்னிரண்டு ஒன்றாக ஓடுவதற்குச் சமம். ஆனால் அதில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக ஆகாயத்துக்குப் போய்விடும். போகும்போது, ஃபர்னஸ் கஷ்டப்பட்டுச் சூடாக்கிய அறைக் காற்றையும் கூட இழுத்துக்கொண்டு போகும். நெருப்புக்கு எதிரில் உட்கார்ந்தால் முகத்தில் இதமான சூடு படும், பக்கத்து அறை குளிரும். மூன்று மணி நேரம் எரித்தால் 1.8 தெர்ம் கேஸ். உன் பில்லில் தெர்ம் என்றோ நூறு கன அடி என்றோ போட்டிருப்பார்கள், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெருக்கிப் பார்த்துக்கொள். வாரக்கடைசியில் இரண்டு மணி நேரம், விருந்தாளி வரும்போது ஒரு மாலை என்றால் வென்டட் லாக் போதும், அந்த மஞ்சள் சுவாலையின் அழகு வேறெதிலும் வராது. பிட்ஸ்பர்க் ஜனவரியில் ஹால் சூடாக வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் லாக் செட்டையே மறந்துவிடு. இன்செர்ட் என்று கேள். கண்ணாடி போட்டு மூடிய பெட்டி அது. வெளிக்காற்றை ஒரு குழாயில் இழுத்து எரித்து, எரிந்ததை இன்னொரு குழாயில் வெளியே அனுப்பும். அறைக் காற்றைத் தொடாது. சூட்டில் பெரும்பங்கு வீட்டுக்கே வரும். விலை அதிகம், வேலையும் அதிகம். அதன் கண்ணாடி கை வைத்தால் பொசுக்கிவிடும். தடுப்பு வலையோடுதான் வாங்க வேண்டும்.

நீ லாக் செட்தான் என்று சொல்வாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் தீபாவளிக்கு மத்தாப்பைவிட அகல் விளக்கைத்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாய். அதனால் மேலே எழுதுகிறேன்.

முதல் வேலை, புகைபோக்கியைப் பார்க்க ஆள் கூப்பிடு. வீடு வாங்கும்போது இன்ஸ்பெக்ஷன் செய்தார்களே என்று சொல்லாதே. அவர் கீழேயிருந்து எட்டிப் பார்த்திருப்பார். இந்நாட்டில் புகைபோக்கிகளுக்கென்று இருக்கும் என்.எஃப்.பி.ஏ. 211 என்ற விதிமுறை, வீடு கைமாறினாலும் எரிபொருள் மாறினாலும் இரண்டாம் நிலைச் சோதனை செய்யச் சொல்கிறது. உன் விஷயத்தில் இரண்டுமே நடக்கிறது. அந்தச் சோதனையில் கேமராவை உள்ளே விட்டு அடி முதல் நுனி வரை பார்ப்பார்கள். உங்கள் வீட்டு வயதுள்ள புகைபோக்கிகளில் உள்பக்கம் பெரும்பாலும் களிமண் குழாய் அடுக்கியிருப்பார்கள். அதில் விரிசல் இருக்கலாம், பறவைக் கூடு இருக்கலாம், பழைய விறகின் தார் படிந்திருக்கலாம். முறையான சான்று வாங்கிய புகைபோக்கிக்காரராகப் பார்த்துக் கூப்பிடு. அவர் சரி என்று சொல்லும் வரை எந்தக் கடைக்கும் போகாதே.

அவர் வருவதற்கு முன் நீயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று இருக்கிறது. ஃபயர்பிளேஸுக்குள் தலையை விட்டு மேலே பார்த்தால் இரும்புக் கதவு ஒன்று தெரியும். அதுதான் டேம்பர். அதைத் திறந்துவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, ஃபயர்பிளேஸ் வாயின் மேல் விளிம்புக்குக் கீழே பிடி. புகை உள்ளே வளைந்து மேலே ஏறினால் நல்லது. இப்போது சமையலறை எக்ஸாஸ்டை முழு வேகத்தில் போடு, துணி காயவைக்கும் டிரையரையும் ஓடவிடு. மறுபடி ஊதுபத்தியைப் பிடி. வீட்டுக் காற்றை அவை வெளியே தள்ளும்போது அந்தக் காலி இடத்தை நிரப்ப எங்கேயோ இருந்து காற்று வந்தாக வேண்டும். பல வீடுகளில் அது புகைபோக்கி வழியாகத்தான் இறங்கும். நீ மிளகாய் தாளிக்கும் நெடி போக எக்ஸாஸ்ட் போடுவாய், ஹாலில் கேஸ் லாக் எரியும், எரிந்த காற்று வீட்டுக்குள் திரும்பும். ஊதுபத்திப் புகை உன் முகத்தைப் பார்த்துத் திரும்பினால், நெருப்பு எரியும் நேரத்தில் பக்கத்து ஜன்னலை இரண்டு விரல் அகலம் திறந்து வை. அப்படியும் திரும்பினால் புகைபோக்கிக்காரரிடம் அதைக் கட்டாயம் சொல்.

டேம்பர் பற்றி இன்னொன்று. வென்டட் லாக் வைத்தபின் அது முழுதாக மூடவே கூடாது. மூடாமலிருக்க ஒரு சின்ன இரும்புப் பிடி, டேம்பர் கிளாம்ப் என்பார்கள், அதைத் திருகி மாட்டுவார்கள். உள்ளங்கையில் அடங்கும் சாமான். மறதியாக யாராவது டேம்பரை மூடிவிட்டு நெருப்பைப் போட்டால் காப்பாற்றப் போவது அதுதான். இதனால் வருஷம் முழுக்கக் கொஞ்சம் வீட்டுச் சூடு மேலே போகும் என்று மாப்பிள்ளை கணக்குச் சொல்வார். நெருப்பு இல்லாதபோது கண்ணாடிக் கதவை மூடிவைத்தால் அந்த நஷ்டம் குறையும். எரியும்போது மட்டும் அந்தக் கண்ணாடிக் கதவு முழுதாகத் திறந்திருக்க வேண்டும், இரும்பு வலைத் திரை மூடியிருக்க வேண்டும். கதவு மூடியிருந்தால் சூட்டில் கண்ணாடி வெடிக்கலாம்.

இனி அளவு. டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார். முன்வாயின் அகலம், உயரம், தரையில் முன்னிருந்து பின்சுவர் வரை ஆழம், பின்சுவரின் அகலம், ஆக நான்கு. பின் அகலத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். முன்னால் 36 அங்குலம் இருந்தால் பின்னால் 24தான் இருக்கும், ஏனென்றால் பக்கச் சுவர்கள் சாய்வாகப் போகும். அந்தச் சாய்வுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். மாசசூசெட்ஸில் பிறந்து ஐரோப்பாவுக்குப் போன பெஞ்சமின் தாம்ப்சன், ரம்ஃபோர்டு பிரபு என்று பட்டம் பெற்றவர். அந்நாளைய ஃபயர்பிளேஸ்கள் சூட்டையெல்லாம் மேலே அனுப்புவதைப் பார்த்து, ஆழத்தைக் குறைத்துப் பக்கச் சுவர்களைச் சாய்த்தால் சூடு அறையைப் பார்த்துத் திரும்பும் என்று 1796இல் எழுதினார். லண்டன் வீடுகளில் அப்போதே இடித்து மாற்றிக் கட்டினார்கள். உன் ஹாலில் இருக்கும் சாய்வும் அவர் வழியில் வந்ததுதான்.

கடையில் 18, 24, 30 அங்குலம் என்று சொல்வது கட்டையின் நீளம். முன் அகலத்தையும் பின் அகலத்தையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதில் ஆறு கழித்தால் வருவது தோராயமான அளவு. 36ம் 24ம் என்றால் சராசரி 30, ஆறு போனால் 24. பெரிதாக இருந்தால் பார்க்க நிறைவாக இருக்குமே என்று ஆசைப்பட்டு அடைக்காதே. கட்டையைச் சுற்றிக் காற்று ஓட வேண்டும். கடைசி வார்த்தை அந்தந்த செட்டோடு வரும் குறிப்பேட்டில் இருக்கும். கடைக்காரரிடம் குறிப்பேட்டை முதலில் காட்டச் சொல்லி, உன் நான்கு அளவுகளையும் அதோடு ஒத்துப் பார்த்தபின் பணம் கொடு.

எந்த கேஸ் என்பதையும் சொல்லித்தான் வாங்க வேண்டும். உங்கள் தெருவில் குழாயில் வருவது இயற்கை எரிவாயுவாக இருந்தால் அதற்கான செட். ஊருக்கு வெளியே டேங்க் வைத்திருப்பவர்களுக்கு புரொப்பேன். ஒன்றின் பர்னரில் மற்றதை விடக்கூடாது. புரொப்பேன் அதிக அழுத்தத்தில் வரும், சூடும் கூட, அதற்குத் துளை சின்னது. அது காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், குழந்தை தவழும் உயரத்தில். இயற்கை எரிவாயு மேலே எழும்பிப் போகும். குழாய் வேலையை உரிமம் உள்ளவர்தான் செய்ய வேண்டும், நகராட்சி அனுமதியோடு. ஃபர்னஸ், வாட்டர் ஹீட்டர், அடுப்பு எல்லாம் ஒரே குழாயில் குடிக்கின்றன. இன்னொரு 60,000 பி.டி.யூ. தாங்குமா என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும். முடிந்ததும் மூட்டு மூட்டாகச் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று உன் கண் முன்னால் காட்டச் சொல்.

கேஸுக்கு இயல்பில் வாசனை கிடையாது. ஊரில் சிலிண்டர் கசிந்தால் வருமே, அழுகின முட்டைக்கோஸ் மாதிரி, அது வேண்டுமென்றே கலந்தது. டெக்ஸஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில், 1937 மார்ச் 18 அன்று, தரைக்கு அடியில் வாசனையில்லாத கேஸ் சேர்ந்து வெடித்துக் கிட்டத்தட்ட முன்னூறு பேர் போனார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அதற்குப் பிறகுதான் அந்த மாநிலம் கேஸில் நாற்றம் கலக்கச் சட்டம் போட்டது. அந்த வாசனை மூக்கில் பட்டால் சுவிட்சைக்கூடத் தொடாமல் குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போ, தெருவில் நின்று போன் செய்.

பற்றவைக்கும் முறையிலும் பணத்தைப் பார்க்காதே. மலிவு விலை செட்டில் தீக்குச்சியால் பற்றவைக்க வேண்டும். குச்சியைக் கொளுத்திக் காட்டிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். திருப்பிவிட்டுக் குச்சியைத் தேடினால் ஆபத்து. உனக்கு நான் சொல்வது பைலட் உள்ளது. கட்டைக்கு அடியில் குனிந்து பார்த்தால் சின்னதாக நீலச் சுவாலை ஒன்று, பென்சில் தடிமனில் ஒரு கம்பியை நாக்கு மாதிரி நக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டில் கம்பியில் துளி மின்சாரம் பிறக்கும், ஒரு வோல்ட்டுக்கும் கீழே. அதுதான் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. பைலட் அணைந்தால் மின்சாரம் நிற்கும், கேஸும் நிற்கும். வீட்டுக் கரண்ட் அதற்குத் தேவையில்லை. 2021 பிப்ரவரியில் டெக்ஸஸில் பனியில் 45 லட்சம் வீடுகளுக்கு மேல் கரண்ட் போனபோது, சூட்டுக்காகக் கரி அடுப்பையும் காரையும் ஜெனரேட்டரையும் மூடின இடத்தில் ஓட்டி, கார்பன் மோனாக்சைடில் போனவர்கள் உண்டு. அப்படி ஒரு ராத்திரி உங்களுக்கு வந்தால் இந்தப் பைலட் அருமை தெரியும்.

பைலட் குழாயில் கோடையில் சிலந்தி கூடு கட்டும், சுவாலை மஞ்சளாகிச் சோம்பும். அதனால் வருஷம் ஒரு தரம், ஐப்பசி வாக்கில், ஆள் வைத்துச் சுத்தம் செய். கட்டை மேல் காகிதம், பரிசுப் பொட்டலத் தாள், நிஜ விறகு எதையும் போடாதே. கார்பன் மோனாக்சைடு அலாரம் மாடிக்கு ஒன்று, படுக்கையறைக்கு வெளியே ஒன்று, இந்த வாரமே வாங்கு. நெருப்பு வைப்பதற்குக் காத்திருக்க வேண்டாம், ஃபர்னஸ் இப்போதே இருக்கிறதே. அலாரத்தின் முதுகில் ஆயுள் தேதி இருக்கும், பார்த்து வை.

பிர்ச்சா, ஓக்கா என்றாய். உன் ஃபயர்பிளேஸ் உள்ளே கறுப்பு. வெள்ளைப் பட்டை பிர்ச் அதில் பளிச்சென்று தெரியும், அணைந்திருக்கும்போதும் அழகாக இருக்கும். ஆனால் வென்டட் சுவாலை கட்டையில் கொஞ்சம் கரி பூசும், பிர்ச்சில் அது கறையாகத் தெரியும், ஓக்கில் நிஜ விறகு மாதிரி இன்னும் எடுப்பாகும். எனக்கென்றால் ஓக். இழையில் செய்ததைவிடச் சுட்ட மண் கட்டை கனம், உள்ளே இரும்புக் கம்பி வைத்திருப்பார்கள், வருஷக் கணக்கில் உழைக்கும்.

சனிக்கிழமை குட்டி தூங்கும் நேரத்தில் அந்த நான்கு அளவையும் எடு. ஊதுபத்தியையும் பிடித்துப் பார், எக்ஸாஸ்ட் இல்லாமல் ஒரு தரம், போட்டு ஒரு தரம். புகை எந்தப் பக்கம் திரும்பியது என்று எழுதி, ஒரு தாளில் படம் மாதிரி போட்டு, போட்டோ எடுத்து அனுப்பு. மாமா கணக்குப் பார்க்க இப்போதே பென்சிலைச் சீவி வைத்துவிட்டார்.

அன்புடன்,
அத்தை